வசீரியின் பத்தியமும் ருசித் துண்டும்

ருசியாளர்கள் என்று ஓர் இனம் உண்டு. கென்யாவில் எங்கள் மச்சாகோஸ் ஊரில் அவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் இல்லாமலா இருப்பார்கள்? நோயாளியின் பத்தியத்தை வாயால் காப்பார்கள், கையால் கெடுப்பார்கள். அந்த இனத்தின் தலைமகனான கிமெயு ஊருக்கு வெளிப்பட்டது, அவர் மகள் சியோம்புவா வேலைக்குச் சேர கிசுமு பஸ் ஏறிய வியாழக்கிழமை முதல்தான்.

ஊருக்குப் போகிற பெண்கள் அப்பாவின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்கள். சியோம்புவா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னதெல்லாம் நாயைப் பற்றி. வசீரி என்ற அந்தக் கிழ நாய்க்குச் சென்ற மாதம் கணையம் வீங்கி, பிழைத்ததே பெரிய காரியமாகிவிட்டிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த கொழுப்பில்லாத டப்பாத் தீனி, அதை விட்டால் தண்ணீர். வேறு எதுவும் கூடாது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது.

"ஒரு துணுக்குக் கொழுப்புகூட வேண்டாம்ப்பா. சத்தியம் பண்ணுங்க."

"ஏம்மா, என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

அப்படித்தான் தெரிந்தது. ஆனால் பஸ் கிளம்பிவிட்டது.

அன்று முதல் கிமெயு காவல்காரர் ஆனார். காலையில் டப்பாவைத் திறந்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்து, கரண்டியில் எடுத்ததைக் கொத்தனார் சுவர் பூசுவதுபோல் விளிம்பு மட்டத்துக்கு வழித்துவிட்டுத்தான் தட்டில் போடுவார். ஜெபக் கூட்டத்துக்கு வந்த அம்மாள் வசீரிக்கு நீட்டிய பிஸ்கட்டை ஆமென் சொல்லி முடிப்பதற்குள் பிடுங்கினார். மனைவி கனினியின் குழம்புச் சட்டியை எட்டாத பலகைக்கு ஏற்றினார். எட்டாதது கனினிக்குத்தான். வசீரிக்குத் தேவைப்பட்டதைக் கீழே இறக்கித் தர வீட்டில் உயரமான ஒருவர் இருந்தாரே!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கனினியின் தம்பி முசெம்பி ஆட்டுத் தொடையை நெருப்பில் வாட்டினான். கறி பந்திக்கு வருமுன் வாட்டுகிறவன் பலகையில் சின்னச் சின்னதாக நறுக்கி, உப்பில் தொட்டு, சுற்றி நிற்பவர்களுக்கு நீட்டுவது முறை. அதுதான் ருசித் துண்டு. அது சாப்பாட்டில் சேராது. பத்துத் துண்டு விழுங்கியவரும் "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்று சொல்லிக்கொண்டே பந்தியில் உட்காரலாம். யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்வதில்லை.

கிமெயுவுக்கும் ஒரு துண்டு வந்தது. வசீரி பார்த்தது. பத்தியத்தில் இருக்கும் நாய் எப்படிப் பார்க்கும் தெரியுமா? கறியை அல்ல, உங்களைப் பார்க்கும். நீங்கள் நல்லவர்தானா என்று அதற்கு இப்போதுதான் சந்தேகம் வந்ததுபோல் பார்க்கும். கிமெயு கறியைக் கடித்துக்கொண்டு, கொழுப்போரத்தை நாற்காலிக்குக் கீழே நழுவவிட்டார். வசீரிக்கு அவர் தீனி போடவில்லை. வசீரி ருசி பார்த்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் பட்டப்பகல்போல் தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு பொரித்த கோழித் தோலின் முறுகல், மந்தாசி என்ற எண்ணெய்ப் பணியாரத்தின் முனை, சட்டி துடைத்த சப்பாத்தி. எல்லாம் ருசிதான்.

ஒரு திங்கட்கிழமை காலை வசீரி முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவதுபோல் நின்றது. நாய்க்கும் பக்தி வந்துவிட்டதென்று கிமெயு சிரித்தார். அது வாந்தி எடுத்துச் சாய்ந்ததும், கல்யாணத்துக்கு மட்டும் போடும் தன் கோட்டில் அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டு மிருக டாக்டர் கதோனியிடம் ஓடினார். கனினியும் முசெம்பியும் பின்னால் ஓடினார்கள்.

என்ன சாப்பிட்டது என்று டாக்டரம்மா கேட்டார். டப்பாத் தீனியைத் தவிர வேறு எதுவும் சாப்பிடவில்லை என்று கிமெயு குரல் நடுங்காமல் சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். டப்பாவிலேயே கலப்படம் இருக்கும், காலம் கெட்டுவிட்டது என்று முசெம்பி கருத்தும் சொன்னான்.

அந்தத் தீனியிலேயே இப்படி வந்திருக்கிறதென்றால் அது இந்த உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம், கடுமையான மருந்துக்குத்தான் போக வேண்டும், கிழ உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஊசியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு கீழே வைத்தார். அவரும் ஞாயிற்றுக்கிழமைக் கறி தின்கிறவர்தானே.

"சரிங்கய்யா, சாப்பிடல. ருசி ஏதாச்சும் பாத்துச்சா?"

கிமெயு கோட்டுக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தார். அது இப்போது அவரைப் பார்க்கவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"ருசின்னா... ஆட்டுக் கொழுப்பு. ஓரம். ஞாயித்துக்கிழமை மட்டும்."

"புதன்கிழமையும்," என்றாள் கனினி.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"நான் குடுக்கப் போனப்ப அதுக்கு ஏற்கெனவே ஏப்பம் வந்துச்சு."

முசெம்பி செருமினான். "அத்தான், நீங்க நாற்காலிக்கு அந்தப் பக்கம் குடுத்தீங்க. நான் இந்தப் பக்கம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தீனி மேல் குற்றமில்லை என்று சொல்லி அந்த மருந்தை ஒதுக்கிவிட்டு, சலைன் ஏற்றினார். வசீரி பிழைத்து, அதே டப்பாவுக்குத் திரும்பி வந்தது. அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் கிமெயு இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரிய மேசைமேல் வைத்துக்கொண்டு, கோர்ட்டில் நிற்பவர்போல் உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு வந்த சியோம்புவா, "ஒங்க யாரையும் நம்ப முடியாதுப்பா" என்று நாயைத் தன்னோடு கிசுமுவுக்குக் கூட்டிப் போய்விட்டாள். கிமெயு மீதமிருந்த டப்பாக்களை எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிப்பைத் தொடுவதே இல்லை என்று போன வாரம் உங்கள் டாக்டரிடம் சொன்னது யார்? அதிருக்கட்டும், மேசைக்குக் கீழே இருக்கும் அந்த இன்னொரு கை யாருடையது?

நீண்ட மழைக்காலமும் முடிந்த பிறகு, ஒரு நாள் கிமெயுவின் போனுக்குக் கிசுமுவிலிருந்து செய்தி வந்தது: "அப்பா, வசீரிக்கு ரத்தத்துல கொழுப்பு ஏறியிருக்காம். இங்க டாக்டர் என்ன சாப்பிடுதுன்னு கேட்டார். டப்பா மட்டுந்தான்னு சொல்லிட்டேன். மீன் பொரிக்கிறப்ப தோல மட்டும் லேசா ருசி பாக்கும், அதெல்லாம் கணக்குல வராதுல்ல?"