நல்வரவில் ஓர் அசை காலி

திருவனந்தபுரத்தில் கால்பந்துக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. வலியசாலைத் தெருவிலேயே ஸ்பானிஷ் பேசும் அர்ஜென்டினாவின் கொடி பறக்கிறது. அப்படியிருக்க, ஓர் அரசுச் சுற்றுலா அலுவலகம் மட்டும் ஸ்பானிஷ் தெரியாமல் எந்த முகத்தோடு இயங்கும்? பொன்முடி மலையைப் பார்க்க ஸ்பெயினிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும், ஊழியர்களுக்குப் பாடம் எடுக்க ரேஷ்மியைத் தற்காலிகமாக நியமித்தார்கள். வரவேற்பு ஒழுங்காக நடந்தால்தான் வேலை நீளும். வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

‘பியென்வெனிதோஸ்’ என்றால் நல்வரவு. பியென், வெ, னி, தோஸ் என்று அவள் பலகையில் அசை பிரித்ததுதான் தாமதம், இயக்குநர் குற்றாலலிங்கம் ஆளுக்கோர் அசையை ஒதுக்கி ஆணை பிறப்பித்துவிட்டார். வேலையைப் பிரித்தால்தானே பொறுப்பு யார் தலையிலும் விழாது!

“அழுத்தம் மூணாவது அசையிலதான் சார்,” என்றாள் ரேஷ்மி.

முதல் அசைக்கு உரிய தலைமை எழுத்தர் தாணுமாலையன் துள்ளி எழுந்தார். “அதெப்படி டீச்சரே? மூணாவது ஷிபாவுக்கல்லோ! நேத்து சர்வீஸ்ல கேறின பெண்ணு. நான் இருக்கப்போ அவளுக்கு அழுத்தமோ?”

“ஸ்பெயின்ல அப்படித்தான் சார் சொல்லுவாங்க.”

“அங்க சீனியாரிட்டி லிஸ்ட் கிடையாதாயிருக்கும்,” என்றார் இயக்குநர்.

அழுத்தம் முறைப்படி முதல் அசைக்கு வழங்கப்பட்டது. ஊழியர் சங்கம் லட்டு கொடுத்தது. ரேஷ்மி வீட்டுக்குப் போய், “முட்டாள் கூட்டம்!” என்று வாய் ஓயும்வரை திட்டினாள்.

விருந்தினர் வந்து வாசலில் நின்றார்கள். தாணுமாலையன் நெஞ்சை நிமிர்த்தி, “பியென்!” என்று முழங்கினார். அதற்குமேல் சத்தமே இல்லை. ‘வெ’யை வைத்திருந்த சுவாமிதாஸ் அன்று லீவு, பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ‘வெ’ வராமல் ‘னி’யை எப்படி அனுப்புவது என்று ஷிபா வாயைத் திறந்தபடி நின்றாள்.

இயக்குநர் ரேஷ்மியிடம் ஓடிவந்தார். “ரேஷ்மி, அந்த ‘வெ’யை நீங்களாவது ஒண்ணு பறயுங்க!”

ஒரே ஓர் அசை. அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் நிரந்தர ஊழியரின் அசையைத் தற்காலிக ஊழியர் எடுத்தால், நாளைக்கு ஆடிட்டில் யார் பதில் சொல்வது?

“ஆர்டர் உண்டா சார்?” என்றாள்.

இயக்குநர் அப்படியே நெகிழ்ந்துபோனார். ஸ்பெயின்காரர்களும் கோபப்படவில்லை, அவர்களும் அதிகாரிகள்தானே, ஆர்டர் வரும்வரை நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

மறுநாளே ரேஷ்மிக்கு வேலை நீட்டிப்பு வந்தது. அன்று வீட்டில் அவள் யாரையும் திட்டவில்லை.