ஏழு பேரும் ஒப்பமிட்ட மாஸ்ட்ஹெட்

பனச்சமூடு
வெள்ளிக்கிழமை, மதியம்

பாசமுள்ள ஞானசிகாமணி சித்தப்பாவுக்கு ஜீனா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே தேவ கிருபையால் சுகம். தண்ணீரின் மேல் இருக்கும் நீங்களும் உங்கள் கப்பலும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். குரல் பதிவு அனுப்ப எனக்கு வெட்கமாக இருப்பதால் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். எந்தத் துறைமுகத்தில் நெட் கிடைக்கிறதோ அங்கே படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் பார்த்தது ஈசாக் மாமாவின் செருப்பைத்தான். திங்கட்கிழமை காலை அவர் எங்கள் டிடிபி கடை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். எங்கள் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. சபைச் செயலாளர் கழற்றுகிறார் என்றால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இதற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் சித்தப்பா, கோபித்துக்கொள்ள வேண்டாம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நீங்கள் பாஸ்போர்ட் நகல் எடுக்க வந்தபோது, நம் சபையின் மாதப் பத்திரிகையான ‘எல்லைத் தூது’வின் ஆசிரியர் கனகதாஸ் சார் என் பக்கத்தில் இருந்து, “இந்த மாஸ்ட்ஹெட்டைப் புதுசாக்கணும்” என்றார். நீங்கள் சிரித்தீர்கள். கப்பலில் மாஸ்ட்ஹெட் என்றால் கம்பத்தின் உச்சி, இரவில் அங்கே வெள்ளை விளக்கு எரியும், அதைப் பார்த்துத்தான் எதிரே வருகிற கப்பல்காரன் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று அறிவான் என்றீர்கள். சாருக்கு ஒரே சந்தோஷம். பத்திரிகையிலும் அப்படித்தான், முகப்பில் இருக்கும் பெயரையும் உள்ளே பெட்டி போட்ட பொறுப்பாளர் பட்டியலையும் பார்த்துத்தான் நாம் யார், எந்தப் பக்கம் போகிறோம் என்று ஊர் அறியும் என்றார். நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள். அவர் அந்த இரண்டு அர்த்தத்தையும் சேர்த்து ஜனவரி இதழில் அரைப்பக்கம் எழுதிவிட்டார். நான்தான் டைப் செய்தேன்.

அதுவரை அந்தப் பெட்டியை ஒரு ஆள்கூடப் பார்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஒருவர் போன மாதம் வரைக்கும் அதில் துணை ஆசிரியராக இருந்தார். அரைப்பக்கம் வந்த பிறகு எல்லாருக்கும் கம்பத்தின் உச்சியில் ஏற வேண்டும். அதுவும் வருகிறது இருபத்தைந்தாம் ஆண்டு இதழ்.

“மக்கா, செக்ரட்டரிக்க பேரு மூணாவதாட்டு கெடக்கு. அது மேல வரணும் இல்லியா?” என்றார் ஈசாக் மாமா. எனக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது, உங்களுக்குத் தெரியுமே. தலையை ஆட்டினேன். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் மேலே ஏற்றி, சரிபார்க்க ஒரு புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். “கொள்ளாம், நல்லாருக்கு!” என்று ஒப்பமிட்டுவிட்டுச் செருப்பை மறந்து போய்விட்டார், பிறகு பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியத்தின் விமலகுமாரி டீச்சர் ஒரு டின் அச்சப்பத்தோடு வந்தார். “பிள்ளே, பெண்ணுங்க பேரு எப்பவும் அடியிலதான் கெடக்கணும்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு?” எந்த வேதத்திலும் இல்லை என்று எனக்கும் தோன்றியது. ஏற்றினேன். ஒப்பமிட்டார். ஒலிபெருக்கிப் பொறுப்பாளர் பொன்னுதாஸ் அண்ணாச்சிக்கு நேராகக் கேட்கக் கூச்சம். ஒரே ரேஷன் கார்டை அரை மணிக்கு ஒரு தரம் வந்து நகல் எடுத்தார். ஒன்பதாவது நகலில், “எலே மக்கா, மைக்கு இல்லேண்ணா போதகருக்க பிரசங்கம் யாருக்குக் கேக்கும்? சும்மா சொன்னேன், கேட்டியா” என்றார். அவரையும் ஏற்றினேன். இப்படி வியாழன் முடிவதற்குள் ஏழு பேர் வந்தார்கள். ஏழு புரூஃப், ஏழிலும் வேறு வேறு ஆள் உச்சியில், ஏழிலும் ஒப்பம். கடைக்காரி பின்சி அக்கா அச்சப்பத்தைத் தின்றுகொண்டே, “உனக்க நாக்கை வீட்டுல வச்சிட்டா வந்தே? ஒரு ‘முடியாது’ சொன்னா என்ன, வாயில முத்து கொட்டிருமா?” என்கிறாள். அச்சப்பத்துக்கு அவளும் ‘முடியாது’ சொல்லவில்லை.

இன்று நான்கு மணிக்குக் கனகதாஸ் சார் வருவார். ஒப்பமிட்ட தாள் ஒன்றைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பக்கங்கள் மார்த்தாண்டத்து அச்சகத்துக்குப் போகும். எதைக் காட்டினாலும் ஆறு குடும்பம் சண்டைக்கு வரும். இருபத்தைந்து வருடம் அவர் நடத்திய பத்திரிகையின் விழா இதழ் என்னால் சந்தி சிரிக்கப் போகிறது. பள்ளிக்கூடத்தை விட்டபோது தமிழ் டைப்பிங் படி என்று சொன்னவர் நீங்கள். இந்த வேலையும் போனால் நான் அம்மாவிடம் என்ன சொல்வேன்? அதனால் முடிவு செய்துவிட்டேன். சாரிடம் ஏழு தாளையும் கொடுத்து அழுதுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து கடைக்கு வருவதில்லை. கப்பலில் தமிழ் டைப் செய்ய ஆள் வேண்டுமா என்று கேப்டனிடம் கேளுங்கள். அது முடியாவிட்டால், மாஸ்ட்ஹெட்டில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை, பறவைகள் உட்கார்ந்து அசுத்தம் செய்யும் இடம்தான் என்று சபைக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள்.

குளிர்க்காற்றில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். புறப்பட்ட கப்பலைக் கரை சேர்க்கிற ஆண்டவர் உங்கள் கூடவே இருப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஜீனா

பின்குறிப்பு: சித்தப்பா, கேப்டனிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். சார் மூன்று மணிக்கே வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏழு தாளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். “மக்கா, இதுல எனக்க பேரு எங்க?” என்றார். ஒவ்வொருவரையும் பெரிய எழுத்தில் மேலே ஏற்றியதில், இடம் போதாமல் கடைசிப் பெயர் பெட்டிக்கு வெளியே விழுந்திருக்கிறது. அடக்கமாகத் தன்னை எப்போதும் கடைசியில் போட்டுக்கொள்கிற அவருடைய பெயர்தான் அது. ஏழிலும் இல்லை. நான் பார்க்கவில்லை, ஒப்பமிட்ட ஏழு பேரும் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அவரோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “எல்லாருமாட்டு ஒப்பு போட்டு என்னை வெட்டீட்டாவ, பாத்தியா! தன் பேரை மட்டுந்தான் வாசிச்சிருக்காவ!” என்றார். சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “ஏதாவது ஒண்ணை அனுப்பு மக்கா. எனக்குப் பேரு வேண்டாம், டீதான் வேணும்” என்று சந்திப்பில் உள்ள டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் எட்டாவதாக ஒரு பக்கம் திறந்தேன். உச்சியில் ‘ஆசிரியர்: கனகதாஸ்’ என்று பெரிய எழுத்தில் போட்டேன். மற்ற ஏழு பேரையும் கீழே ஒரே வரியில் அருகருகே நிறுத்தினேன். இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினேன். யாரிடமும் கேட்காமல் அச்சகத்துக்கு அனுப்பினேன்.