காதோரச் சிவப்பு

ஏழாவது ஆமையைப் பிடித்து ட்ரம்மில் போட்டுவிட்டு அம்மாசி ஆசீருக்கு போன் செய்தார்.

"சார், அஞ்சுதான் இருக்குன்னு சொன்னீங்க. ஏழாயிருச்சு."

ஸ்ரீரங்கத்தில் அந்தக் குளத்தைச் சுத்தம் செய்வது அம்மாசியின் வேலை. யாரோ ஆசைக்கு வளர்த்த வெளிநாட்டு ஆமைகளை அதில் விட்டுப் போயிருந்தார்கள். நடுவிலிருந்த ஒரே பாறையை அவை பிடித்துக்கொண்டன. இந்த ஊர்க் காராமைகள் ஆறும் ஏற இடமில்லாமல் ஓரத்தில் கிடந்தன. வெயில் படாவிட்டால் ஓடு அழுகி அந்த ஆறும் போய்விடும் என்றார் ஆமை ஆராய்ச்சிக்காரரான ஆசீர். வெயில் போதுமடா சாமி என்று அரியமங்கலத்தில் முப்பது வருஷம் இரும்பு சுமந்தவர் அம்மாசி. வெயில் கிடைக்காமலும் ஒரு ஜீவன் சாகும் என்பது அவருக்குப் புதுசு. மனசு கேட்கவில்லை.

அடையாளம் சுலபம். காதோரம் சிவப்புக் கோடு இருந்தால் வெளிநாடு. பாசி படிந்த ஓட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"குட்டி போட்டிருக்குமா சார்?"

"ரெண்டே நாள்லயா அண்ணே? யாரோ மறுபடி கொண்டாந்து விடுறாங்க. கேட்டுல நில்லுங்க."

நின்றார். வந்தவர்கள் பையையெல்லாம் பார்த்தார். தினமும் ஆமைக்கு அவல் போட வரும் யமுனா மாமியையும் விடவில்லை.

"மாமி, பையில ஆமை இருக்கா?"

"நன்னாருக்கு கேள்வி! அவல்தான்ப்பா."

மறுநாள் இன்னும் இரண்டு சிவப்பு.

"நம்ம ஆமைங்க கண்ணுலயே படல சார்."

"பயந்து அடியில கிடக்கும். செவப்பு ஒண்ணு விடாம பிடிச்சிருங்க, தானா மேல வரும்."

அம்மாசி இடுப்பளவு சேற்றில் இறங்கித் தடவினார். பதினொன்று ஆயிற்று. குளம் அசையாமல் கிடந்தது. காலியான பாறைமேல் வெயில் சும்மா காய்ந்துகொண்டிருந்தது.

ஜீப்பில் வந்து இறங்கிய ஆசீர் ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தார். ஐந்து ஆமைகள் மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. அடியில் ஆறு நசுங்கிக் கிடந்தன. ஒன்றைத் தூக்கிக் காதோரம் நகத்தால் சுரண்டினார். சிவப்பு உரிந்து வந்தது.

"அண்ணே, இது நெயில் பாலிஷ்! இது நம்ம காராமை!"

அம்மாசி ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்து, அசைகிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்று மெல்லக் கழுத்தை நீட்டியது.

அவல் பையோடு வந்த மாமி பதறினார்.

"ஐயோ, அதை ஏன் சுரண்டறேள்? வெளியூர்லேர்ந்து வந்ததுக்கெல்லாம் பெருமாளே செவப்பா இட்டு அனுப்பிச்சிருக்கார். இந்த ஊர்லயே பொறந்ததுகள் வெறும் மூஞ்சியா நிக்கறதேன்னு, இதுகளுக்கு நான்தான் நாமம் போட்டேன்!"