பதினோரு நிமிட இரவு

உண்மையைக் காப்பாற்றுவதற்காக உலகத்திலேயே அதிகமான பூட்டுகளை வாங்கிய துறை எது? நீதித்துறை என்பார்கள் விவரம் தெரியாதவர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பகல்நேரப் போட்டி நிகழ்ச்சித் துறைதான் அந்தப் பெருமைக்கு உரியது. அரிச்சந்திரன் கூட உண்மையைப் பூட்டி வைத்ததாகத் தகவல் இல்லை. இவர்கள் வைத்தார்கள். சாவியை இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். அந்த இரண்டு பேரையும் கண்காணிக்க மூன்றாவதாக ஒருவரை நியமித்தார்கள்.

இந்த உயரத்தை அவர்கள் ஒரே நாளில் எட்டிவிடவில்லை. ஐம்பதுகளில் நியூயார்க்கில் இத்துறை தவழும் குழந்தையாக இருந்தது. போட்டியாளரைக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்துவார்கள். கேள்வியையும் பதிலையும் முந்தைய வாரமே அவருக்குக் கொடுத்திருப்பார்கள். அவர் யோசிப்பது போல் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூண்டுக்குள் குளிர்காற்றை நிறுத்திவிடுவார்கள். மனிதர் வேர்த்துக் கொட்டுவார். நாடே நாற்காலி நுனிக்கு வரும்.

அந்தக் காலத்தில் லாயிட் பெட்டர்மன் இருபத்து நான்கு வயது இளைஞர். பதவி: வியர்வைப் பயிற்சியாளர். சம்பளப் பட்டியலில் அப்படி எழுதியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"கைக்குட்டைய வெச்சுத் தொடைக்காதீங்க சார், ஒத்துங்க," என்று பேராசிரியர்களுக்கும் பாதிரியார்களுக்கும் அவர் சொல்லிக்கொடுப்பார். "தொடச்சா பயந்தவன். ஒத்தினா யோசிக்கிறவன்."

பிறகு குட்டு வெளிப்பட்டது. நாடாளுமன்றம் அதிர்ச்சி அடைந்தது. அரசியலில் முன்பின் பொய்யே கேட்டிராத உறுப்பினர்கள் கண் கலங்கினார்கள். சட்டம் வந்தது. போட்டியாளருக்குப் பதிலை ரகசியமாகச் சொல்லிக்கொடுப்பது குற்றம். லாயிட் விசாரணையில் தலை நிமிர்ந்து நின்றார். "நான் பதில் எதையும் சொல்லித் தரல. ஒத்தத்தான் சொல்லித் தந்தேன்," என்றார். அது உண்மை. அன்றிலிருந்து உண்மையின் மீது அவருக்குத் தனி மரியாதை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, பர்பாங்க் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் ஒரு சனிக்கிழமைக் காலை, அந்த மரியாதைக்குச் சோதனை வந்தது.

லாயிட் இப்போது 'அள்ளிக்கோ அமெரிக்கா!' நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் காலை பதினொன்றரைக்கு வரும் அந்த நிகழ்ச்சியின் ஐந்து பகுதிகளையும் ஒரே சனிக்கிழமையில் பதிவு செய்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முடியும். செவ்வாய் பத்தேகாலுக்குத் தொடங்கும். புதன் முடிந்ததும் மதியச் சாப்பாடு. ஜெயித்தவர் மறுநாளும் வருவார். அதற்காகப் போட்டியாளர்கள் ஐந்து செட் உடுப்புகளோடு வர வேண்டும். உடுப்பு மாறினால் நாள் மாறிவிடும். கிரகங்களை நம்பாமல் காலத்தை இயக்கியவர்கள் இவர்கள் மட்டுமே.

அன்று மேலே கண்ணாடி அறையில் க்ளிஃபர்ட் வான்ஹார்ன் உட்கார்ந்திருந்தார். அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தில் நாற்பத்தோரு துணைத் தலைவர்கள். இவர் பகல்நேர மகிழ்ச்சிக்குப் பொறுப்பு. நிகழ்ச்சிக்கு இன்னொரு வருடம் கொடுப்பதா, அல்லது அந்த நேரத்தை ஒரு மருத்துவமனைத் தொடருக்குக் கொடுப்பதா என்பதை இன்று மாலைக்குள் முடிவு செய்வார். தொடரில் எல்லாருக்கும் நோய் என்பதால் அதற்கு நல்ல எதிர்காலம் இருந்தது. லாயிட்டுக்கு இந்த நிகழ்ச்சி ஒன்றுதான் இருந்தது. வேறு எந்தத் தொழிலும் அவருக்குத் தெரியாது. வெளியுலகில் வேர்ப்பதற்கு யாரும் பயிற்சி எடுப்பதில்லை.

மேடை ஓரத்தில், மடியில் கறுப்புப் புத்தகம், கழுத்தில் விசில், கையில் நிறுத்து கடிகாரத்தோடு வெண்டல் ஆஸ்குட் அமர்ந்திருந்தார். நேர்மை அதிகாரி. கேள்விகள் இருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி அவரிடம். போட்டியாளர் கழிவறைக்குப் போனால் வாசல்வரை கூடப் போவார். தயாரிப்பாளர் போட்டியாளருடன் பேசினால் நடுவில் நிற்பார். விசில் ஊதினால் பதிவு நிற்கும். கடைசியில் அவர் சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டால்தான் நிகழ்ச்சி ஒளிபரப்பாகும். 'குட் மார்னிங்' சொன்னால்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், நோரீன் ஹாலக் என்ற பெண்மணி மட்டும் அறிவாளியாக இல்லாமல் இருந்திருந்தால்.

நோரீன், பேக்கர்ஸ்ஃபீல்டில் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் எழுதுபவர். அவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், இந்நிகழ்ச்சிக்கு ஆள் எடுப்பது குதியை வைத்து. பெயரைக் கூப்பிட்டதும் குதிக்க வேண்டும், கத்த வேண்டும். தேர்வு நாளன்று நோரீனைக் கூப்பிட்ட அதே கணத்தில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. 'உற்சாகம்: பத்துக்குப் பத்து' என்று எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை தொடங்கியது. தொகுப்பாளர் ஸ்கிப் மேரிவெதர், பற்கள் முன்னே வர, கேட்டார். "பராகுவே நாட்டோட தலைநகரம்?"

"அசுன்சியோன்," என்றார் நோரீன்.

"சரியான பதில்! அம்மா, உங்களுக்கு ஒரு ஃபிரிட்ஜ்!"

மேடையில் பரிசுகளை மறைத்து நின்ற மூன்று கதவுகளில் ஒன்றாம் கதவு திறந்தது. இசை முழங்கியது. நோரீன் ஃபிரிட்ஜை மேலும் கீழும் பார்த்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்றார். "வீட்ல ஒண்ணு இருக்கு. நல்லாத்தான் ஓடுது."

ஸ்கிப்பின் பற்கள் தடுமாறின. விளம்பர இடைவேளை விட்டார்கள். ஒலிபெருக்கியில் வான்ஹார்னின் குரல் இறங்கியது. "லாயிட்! அந்தம்மா ஃபிரிட்ஜ் வாங்கினாங்களா, இல்ல எழவு வீட்டுக்கு வந்திருக்காங்களா?"

லாயிட் வெண்டலிடம் ஓடினார். "வெண்டல், அவங்களக் குதிக்கச் சொல்லலாமா?"

வெண்டல் கறுப்புப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "பதில் சொல்லித் தரக் கூடாதுன்னு இருக்கு. சந்தோஷம் சொல்லித் தரக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

"அப்பச் சொல்லித் தரலாம்!"

"நான் நடுவுல நிப்பேன்."

நடுவில் நேர்மை நிற்க, லாயிட் பாடத்தைத் தொடங்கினார். நோரீன் கைப்பையிலிருந்து குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"மேடம், பரிசு வந்தா மனுஷங்க குதிப்பாங்க."

"எத்தன குதி?"

"அது... ஃபிரிட்ஜுன்னா மூணு."

"துணி தொவைக்கிற மெஷினுக்கு?"

"அதுக்கும் மூணு."

"சாப்பாட்டு மேஜை?"

"நாற்காலியோட வந்தா மூணு, இல்லாட்டி ரெண்டு. காருன்னா ரெண்டு கையையும் வாயில வெச்சுக்கணும், அஞ்சு குதி, அப்புறம் ஸ்கிப்பக் கட்டிப்பிடிக்கணும்."

"அவர எனக்கு அறிமுகமே இல்லையே?"

"காரு வந்தா அறிமுகம் வேண்டாம் மேடம்."

நோரீன் எல்லாவற்றையும் எழுதி, அடிக்கோடிட்டு, ஒருமுறை வாசித்துக் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டார். இடைவேளை முடிந்தது. பியானோவில் மொத்தம் எத்தனை கட்டை என்று ஸ்கிப் கேட்டார். "எண்பத்தெட்டு. அதுல கறுப்பு முப்பத்தாறு," என்றார் நோரீன். இரண்டாம் கதவு திறந்து கார் வந்தது. நோரீன் இரண்டு கைகளையும் வாயில் வைத்தார். ஐந்து முறை குதித்தார். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. நடந்து போய் ஸ்கிப்பைக் கட்டிப்பிடித்து, விட்டுவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பினார்.

"இதுதான்யா மனுஷ உணர்ச்சி!" என்றது ஒலிபெருக்கி. லாயிட் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒற்றிக்கொள்ள மறந்துவிட்டார்.

நோரீன் மஞ்சள் சட்டைக்கு மாறி வந்தார். செவ்வாய்க்கிழமை பிறந்தது.

"நம்ம சாம்பியன் நோரீன் திரும்ப வந்துட்டாங்க!" என்றார் ஸ்கிப். "என்னம்மா, கார் ஜெயிச்ச சந்தோஷத்துல நேத்து ராத்திரி தூக்கம் வந்துதா?"

"நேத்து ராத்திரி நான் கார் ஜெயிக்கலீங்களே," என்றார் நோரீன். "இப்பத்தான் ஜெயிச்சேன். பதினோரு நிமிஷம் ஆச்சு. சட்டைதான் மாத்தினேன்."

பார்வையாளர்கள் முந்நூறு பேர் சிரித்தார்கள். அவர்களும் இதே நாற்காலிகளில்தான் திங்கட்கிழமையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பதிவு நின்றது. லாயிட் மேடைக்குத் தாவினார். வெண்டலும் நடுவே தாவினார்.

"மேடம், இது ஒரு பேச்சுக்குக் கேக்கறது. டிவியில பாக்கறவங்களுக்கு இது மறுநாள்."

"இன்னிக்குச் சனிக்கிழமைங்க."

"தெரியும் மேடம். எனக்காக ஒரு தடவ செவ்வாய்க்கிழமைன்னு நெனச்சுக்கக் கூடாதா?"

"பத்தொன்பது வருஷமாச் சான்றிதழ் எழுதறேன். ஒரு தேதி தப்பாப் போட்டதில்ல. கல்யாணத்துக்கு முந்தி பொறந்த கொழந்தையப் பிந்திப் போடச் சொல்லி எங்க மேயரே வந்து கெஞ்சினார். அவருக்கே போடல. உங்களுக்குப் போடுவேனா?"

"என் வேலையே இதுலதான் இருக்கு, மேடம்." லாயிட்டின் குரல் உண்மையிலேயே கம்மியது, பயிற்சி எதுவும் இல்லை. "மேல ஒரு ஆள் உக்காந்திருக்கார். ஒரே வார்த்தை. 'நல்லாத் தூங்கினேன்'னு சொல்லிடுங்க. போதும்."

விசில் கிழித்துக்கொண்டு ஒலித்தது.

வெண்டலின் முகம் சிவந்திருந்தது. பதினான்கு ஆண்டுப் பணியில் அவர் ஊதிய முதல் விசில். "லாயிட்! ஸ்கிப் ஒரு கேள்வி கேட்டார். போட்டியாளர் பதில் சொல்லணும். அந்தப் பதில நீ முன்கூட்டியே அவங்களுக்குச் சொல்லிட்ட. என் கண்ணு முன்னாலயே!"

"யோவ், அது போட்டிக் கேள்வி இல்லய்யா! தூங்கினீங்களான்னு கேக்கறது நலம் விசாரிப்பு!"

"கடைசில கேள்விக்குறி இருக்கா இல்லியா?"

"ஒன் பொண்டாட்டி காபி வேணுமான்னு கேட்டாலும் இரும்புப் பெட்டியத் தொறப்பியா?"

"அவ டிவியில கேக்கல."

வான்ஹார்னே இறங்கி வந்துவிட்டார். துணைத் தலைவர்கள் தரையில் நடப்பதை அங்கே பலர் பார்த்ததில்லை. விவகாரத்தைக் கேட்டார். அந்தம்மாவை அனுப்பிவிடலாமே என்றார். ஜெயித்தவரை அனுப்பினால் அது மோசடி என்றார் வெண்டல். கேள்வியை விட்டுவிடலாமே என்றார். பன்னிரண்டு வருடமாக அதைக் கேட்டுத்தான் தனக்கு வாய் திறக்கிறது என்றார் ஸ்கிப். தவிர, அதைக் கேட்காவிட்டால் நாள் மாறியது நேயர்களுக்கு எப்படித் தெரியும்?

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது," என்று வான்ஹார்ன் கோட்டுப் பொத்தானைப் போட்டார். பொத்தான் போட்டால் போகப் போகிறார் என்று பொருள். "மருத்துவமனையத் தொறந்துட வேண்டியதுதான்."

லாயிட் சுற்றிலும் பார்த்தார். கார், ஃபிரிட்ஜ், ஆளில்லாத மூன்றாம் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் செவ்வாய்க்கிழமையின் பரிசு காத்திருந்தது: பெரிய தலையணைகளோடு ஒரு ராஜ மெத்தை.

"மேடம்," என்றார் மெதுவாக. "காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க?"

"மூணே முக்காலுக்கு. பேக்கர்ஸ்ஃபீல்டுலேர்ந்து பஸ்ஸு."

"தூக்கம் வருதா?"

நோரீன் யோசித்தார். அவர் எதையும் யோசிக்காமல் சொல்வதில்லை. "வருதுங்க."

மூன்றாம் கதவு திறந்தது. நோரீன் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு மெத்தையில் படுத்தார். விளக்குக்காரர்கள் சூரியனை அணைத்து நீலத்தைப் போட்டார்கள். கைதட்டச் சொல்லும் விளக்குப் பலகையை அந்த நிகழ்ச்சியின் வரலாற்றில் முதன்முறையாக அணைத்தார்கள். முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு பெண் அந்த ஆளைத் தொப்பியால் அடித்தாள். வெண்டல் மெத்தையருகே மண்டியிட்டு, காதைக் கொடுத்து, குறட்டை கேட்ட நொடியில் கடிகாரத்தை அழுத்தினார்.

பதினோரு நிமிடம். ஓர் அமெரிக்கப் பேரிரவு, சாட்சிகளோடு, சட்டப்படி கழிந்தது.

எழுப்பியதும் நோரீன் ஒரு நிபந்தனை போட்டார். "நேத்துன்னும் கேக்கக் கூடாது, ராத்திரின்னும் கேக்கக் கூடாது."

ஸ்கிப் கேட்டார். "வாங்க நோரீன்! நல்லாத் தூங்கினீங்களா?"

"பிரமாதமாத் தூங்கினேங்க!" என்றார் நோரீன். கொட்டாவி வேறு வந்தது. எந்த நடிகையாலும் அப்படி ஒரு கொட்டாவி விட முடியாது. "மெத்தைன்னா அது மெத்தை!"

மெத்தை நிறுவனம் ஆண்டு முழுவதும் விளம்பரம் தர முன்வந்தது. வான்ஹார்ன் பொத்தானைக் கழற்றினார். செவ்வாய் கழிந்து புதன் வந்தது. நோரீன் பச்சைச் சட்டையில் இன்னொரு முறை தூங்கினார். வெள்ளிக்கிழமைக்குள் அவர் நான்கு இரவுகள் உறங்கி எழுந்து, முன்னெப்போதும் இல்லாத புத்துணர்ச்சியோடு படகு ஒன்றையும் ஜெயித்தார். படகுக்குக் குதி சொல்லித் தரப்படவில்லை என்பதால் நின்றபடியே வாங்கிக்கொண்டார்.

மாலையில் லாயிட்டின் அறையில் வெண்டல் சான்றிதழ்ப் படிவத்தின் முன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். வழக்கமான வாசகம் இன்றைக்குப் பொருந்தாது என்று அவர் மனம் உறுத்தியது. தூக்கம் உண்மை. பதில் உண்மை. கேள்வியிலும் பொய் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று இடித்தது.

"எழுதத் தெரியலையா? குடுங்க," என்றார் விடைபெற வந்த நோரீன். "எனக்கு இதுதான வேலை." நின்றவாறே, அழகான அரசாங்கக் கையெழுத்தில், ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். வெண்டல் இரண்டு முறை படித்தார். அதில் ஒரு தவறும் காண முடியாமல் கையெழுத்திட்டார்.

வான்ஹார்ன் அதை வாங்கி, 'உண்மை' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. "அற்புதம்! இன்னும் ஒரு வருஷம், லாயிட்! எல்லாச் சாம்பியனும் இனிமே தூங்கணும்!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

லாயிட் கடைசியாக அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தார். பிறகு கதவைச் சாத்தினார்; காகிதத்தை இரும்புப் பெட்டிக்குள் வைத்து வெண்டலிடம் இரண்டு பூட்டும் போடச் சொன்னார். அதில் எழுதியிருந்தது இதுதான்:

'நேயர்களை ஏமாற்றுவதற்கு இந்த நிகழ்ச்சியில் கலப்படமற்ற உண்மை மட்டுமே பயன்படுத்தப்பட்டது என்று இதனால் சான்றளிக்கிறேன்.'