காலி நாற்காலியும் ஓர் ஈக்கறையும்

ரீபெ, 9 மார்ச் 1854

அன்பும் மதிப்பும் உள்ள மருமகன் தோர்வால்டுக்கு,

மாமா ஆண்டர்ஸ் மொல்லெரப் எழுதுவது. கோபன்ஹேகன் குளிரில் நீயும் உன் தூரிகைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மூட்டுவலி நீங்கலாக நானும் நலமே. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஓவியத்தைப் பற்றிப் பேச ஓர் இலத்தீன் வாத்தியாருக்கு என்ன தகுதி என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

சென்ற கோடையில் எங்கள் கூடத்தில் நீ வரைந்த படத்தை, உன் அத்தை சிட்சல் காலமான பின் இந்த நான்கு மாதமும் நாள்தோறும் பார்க்கிறேன். அளவுகோல் வைத்தும் பார்த்தேன். அடியில் 'குடும்பம்' என்று எழுதியிருக்கிறாய். ஜன்னலோரம் அத்தை பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள். பூனை இருக்கிறது, காபிக் கெண்டி இருக்கிறது. என் நாற்காலி காலி. நீ வரைந்த நேரமெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பூனை அளவுக்காவது நான் அந்த வீட்டில் இருந்தேன் என்றே நினைக்கிறேன். ஈஸ்டருக்கு வரும்போது தயவுசெய்து என்னை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிடு. வேறெங்கும் இனி அது நடக்காது.

இன்னொரு குறை. உள்ளே உட்கார்ந்தபடியே தெருவில் வருவோரைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே மாட்டிய தெருக்கண்ணாடியை வரைந்திருக்கிறாயே, அதன்மேல் ஓர் ஈ கறை வைத்திருக்கிறது. ரொட்டித் துண்டால் படத்தைத் துடைக்கலாம் என்று நீ சொன்னபடி துடைத்தேன், அதில் வெண்ணெய் தடவியிருந்ததைக் கவனிக்கவில்லை, பூனை நக்க வந்தது, அதை விரட்டப் போய்க் காபியைக் கொட்டினேன், சத்தம் கேட்டு வேலைக்காரி மாரென் வந்தாள்.

"வாத்தியாரய்யா, வெண்ணெய் வச்சா இருக்கிற ஈ போவுமா? இன்னும் நாலு ஈயில்ல வரும்."

கொட்டியதும் ஆறிய காபிதான். பள்ளியிலிருந்து சில நாள் இரண்டு மணிக்கு வருவேன், சில நாள் இரண்டரை ஆகும். சிட்சல் இருந்தவரை நான் கதவைத் திறக்கும்போது கோப்பையில் ஆவி பறக்கும். கடிகாரத்தின் ஒழுங்கு என்று எண்ணி அதற்கு மாதந்தோறும் எண்ணெய் போட்டேன். மாரெனும் அதே கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஊற்றுகிறாள்.

சிட்சலை நான் கடிந்ததும் உண்டு. "எந்நேரமும் அந்தக் கண்ணாடியில என்ன ஊர் வம்பு?" என்பேன்.

"ஆமாங்க, இன்னிக்கு வம்பு வரக் கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்பாள்.

கடவுள் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும்.

உன் மாமா,
ஆண்டர்ஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன், வெண்ணெய் போயிற்றா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது ஈக்கறை இல்லை. தொப்பி போட்ட ஒரு மனிதன் நடந்து வருகிறான். அவன் குடையில் ஒரு கம்பி வளைந்திருக்கிறது. மாரெனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீங்கதான். இந்தக் குடையை வேற யாரு பிடிப்பா?" என்றாள்.

சிட்சலின் நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்து வெளியே பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் சந்தை தெரியவில்லை, அண்டை வீடுகள் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துச் சந்து மட்டும் தெரிகிறது.

ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. நாற்காலி காலியாகவே இருக்கட்டும், நான் வந்துகொண்டிருக்கிறேன். கண்ணாடியைத் துடைக்கலாம், திருப்பக் கூடாது என்று மாரெனிடம் சொல்லியிருக்கிறேன்.