கிரிம்ஷா துரை உண்ணி வேட்டையாடிய படலம்

வாழ்க கிரிம்ஷா துரை! குப்பி ஏந்திய கோமான், இடுக்கி தரித்த வீரன், மாட்டு வைத்தியக் கலையின் மலைமுகடு, மூக்கு சிவந்த முதல்வன் வாழ்க! கலைமகளே, என் நாவில் வந்து அமர்க. அப்பெருமான் இலங்கையின் மடுல்சீமைத் தேயிலை மலையேறி ஓர் உண்ணியோடு பொருத கதையைச் சிரிக்காமல் சொல்லி முடிக்க எனக்கு வலிமை தருக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு அது. சீமையிலிருந்து கப்பலேறி வந்து, பலகை பாவிய தொழுவத்தில் படுத்து, பங்களாவுக்கு மட்டுமே பால் சுரந்த, தோட்டத்துப் பெரிய துரையின் வெள்ளைப் பசு, சிவந்த நீர் கழித்துக் காய்ச்சலில் மாண்டுபோனது. ஐயோ, என்ன சொல்வேன்! கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஆள் செத்த நாளிலும், வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டுக்குத் தப்படிக்கச் சொன்ன பெரிய துரை, அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

உண்ணி கடித்தே மாட்டுக்கு இந்தக் காய்ச்சல் பரவுகிறது என்று கடல்கடந்த அறிஞர்கள் நிறுவியிருந்த காலம். ஆகவே ஆராய்ச்சிக்கென அழைக்கப்பட்டார் நம் நாயகர். பெரிய துரை பங்களா வாசலில் நின்று முழங்கினார்: "லயத்து மாட்டின் உண்ணி ஒன்றேனும் டாக்டர் துரையின் குப்பியில் உயிரோடு ஏறுமாயின், அத்தனை மாட்டையும் சுட்டுப் புதைப்பேன்! ஏறாதெனில் பிழைத்துப் போகட்டும்! இது என் வாக்கு!" அந்த முழக்கம் பங்களாச் சமையற்காரன் வழியாக லயத்து ரெங்கம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. புருஷனை இழந்த அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தது செவலை என்ற ஒரே பசுதான்.

கூலிகளை மேய்க்கும் கங்காணி அழகையாவுக்கு வந்த கட்டளையோ, மாடுகளைக் கொண்டு வா என்பதோடு சரி. காரணம் சொல்லும் வழக்கம் துரைமாருக்கு இல்லை. கேட்கும் வழக்கம் கங்காணிக்கும் இல்லை. துரைமார் பார்க்கும் இடத்தில் மாடு அழுக்காக நின்றால் தலைப்பாகைக்கு என்ன மதிப்பு என்று பொங்கியெழுந்த அம்மறவர், விடியுமுன் லயத்தையே எழுப்பி, தேங்காய் நாரால் மாடுகளைத் தேய்த்து, வேப்பெண்ணெய் பூசி, உண்ணிக் குலத்தைக் கிழங்கு பறிப்பதுபோலப் பறித்து நெருப்பிலிட்டு, நெற்றிக்குக் குங்குமமும் கழுத்துக்குச் செவ்வந்தி மாலையும் சாத்தி, கல்யாணப் பெண்களாக வரிசையில் நிறுத்தினார்.

வந்தார் நாயகர். தடவினார், தூக்கினார், குனிந்தார், காதுகளுக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எண்ணெய்தான் கையில் ஒட்டியது. "உண்ணி எங்கே?" என்று இடியென உறுமினார்.

"ஒண்ணுகூட இல்லீங்க தொரை!" அழகையா மார்பு நிமிர்த்தினார். "எல்லாத்தையும் பொறுக்கி நெருப்புல போட்டாச்சுங்க. தொரைமாரு வர்ற எடத்துல அசிங்கமா நிக்கலாமுங்களா?"

நாயகரின் மூக்கு மேலும் சிவந்தது. அவர் ஏறிவந்த குதிரை அருகிலேயே மரத்தில் காதைத் தேய்த்துத் தேய்த்துச் சொறிந்துகொண்டிருந்தது. அதன் காதுக்குள் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் துரை ஏறும் குதிரைக்கு உண்ணி இருக்கும் என்று எவன் வாய்திறப்பான்? விரக்தியின் விளிம்பில் அவர் கடைசிப் பசுவான செவலையின் வாலைத் தூக்கினார். அங்கே, எண்ணெய்க்கும் நாருக்கும் தப்பி, குண்டுமணிபோல் கொழுத்து, தன்னந்தனியாக வீற்றிருந்தது ஓர் உண்ணி!

"கண்டேன் பகைவனை!" என்று காடதிர முழங்கிய நாயகர், மண்டியிட்டு, மூச்சடக்கி, இடுக்கியால் அதைப் பற்றி இழுத்தெடுத்து, வெற்றிக்கொடியென உயர்த்தினார். "முனியாண்டி, நீதாம்பா பாத்துக்கணும்" என்றாள் ரெங்கம்மா வாய்க்குள்ளே.

வலி பொறாத செவலை வாலைச் சுழற்றி ஒரு விளாசு விளாசியது. தொப்பி ஒரு திசை, இடுக்கி ஒரு திசை, உண்ணி புல்லுக்குள்! "அசையாதீர்! உயிரோடு வேண்டும்!" என்று நாயகர் ஆங்கிலத்தில் ஆணையிட, ஒன்றும் விளங்காத லயம் முழுவதும் நான்கு காலில் தவழ்ந்து தேடியது. எவர் கண்ணில் பட்டால் என்ன கதியோ என்று ரெங்கம்மாவும் பதறிப்பதறித் தேடினாள். அவள் கண்ணில்தான் பட்டது. நாள் தவறாமல் பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கும் விரல்கள் அவை. அவள் நினைப்பதற்குள் அவை பாய்ந்தெடுத்து இரு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்திவிட்டன. டப்பென்று ஓர் ஓசை எழுந்தது.

"கெடச்சிருச்சுங்க தொரை..." என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நகத்தை நீட்டிக் காட்டினாள். "நசுக்கிட்டேனுங்களே! தப்புங்களா?"

நகத்தில் சிவந்த பொட்டு மட்டுமே இருந்தது. நாயகர் அதைப் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் நோக்கினார், வெறுங்குப்பியை மூடினார், தம் தாய்மொழியில் அச்சேறத் தகாத சில சொற்களை அருளினார், குதிரையேறிப் போனார். துரை வாக்குத் தவறினான் என்று கிளப்பில் பேச்சு வரக்கூடாதே என்பதற்காக, பெரிய துரை துப்பாக்கியை உறைக்குள் வைத்தார்.

ரெங்கம்மா கையைக் கழுவிவிட்டுப் பால் கறக்கப் போனாள்.