நீலம் போட்ட வெள்ளை

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் பெருமைப்பட வேண்டிய நிகழ்ச்சி, ஓசூர் சிப்காட்டில், டிராக்டருக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் திங்கட்கிழமை காலை வெளியிடப்பட்டது. "நமது நிறுவனம் டிஜிட்டல் யுகத்தில் காலடி எடுத்து வைக்கிறது. சிங்கப்பூரிலிருந்து டிஜிட்டல் வீடியோ கேமரா தருவிக்கப்பட்டுள்ளது. இப்படிக்கு, ஜெயமணி, ஒர்க்ஸ் மேனேஜர்." அதற்குக் கீழே, கேன்டீனில் இனிமேல் வடை கிடையாது என்று இன்னொரு அறிவிப்பு. கூட்டம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தது.

யுகத்தில் எடுத்து வைக்கப்பட்ட அந்தக் காலடி யாருடையது என்பது வியாழக்கிழமை மேனேஜர் அறை டிவியில் தெரிந்தது. ஸ்டோர்ஸ் கிருஷ்ணப்பனுடையது. ரப்பர் செருப்பு. வார் அறுந்த இடத்தில் ஊக்கு.

"என்னய்யா இது?" என்றார் ஜெயமணி.

"கால் சார்."

"தெரியுது. யாரோட கால்?"

"என்னோடதுதான் சார்."

"உன் காலைப் பாக்கவா நான் சிங்கப்பூர்லருந்து கேமரா வாங்கினேன்?"

கால் நடந்தது. சிமென்ட் தரை வந்தது. எண்ணெய்க் கறை வந்தது. மறுபடி கால் வந்தது. டைப்பிஸ்ட், கணக்குப் பிரிவு, பர்ச்சேஸ் என்று அறை முழுக்க ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். கேமராவின் சிவப்புப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் பதிவாகும். மறு தடவை அழுத்தினால் நிற்கும். நிற்கும் நிலைக்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர். முதல் அழுத்தத்திலேயே கிருஷ்ணப்பன் அவசரத்தில் இரண்டு தடவை அழுத்திவிட்டார். அதிலிருந்து எல்லாம் தலைகீழ். மிஷினைப் பார்த்துக் குறிவைத்தபோதெல்லாம் கேமரா தூங்கியது. 'ஆச்சு' என்று பெருமூச்சு விட்டுத் தொங்கப் போட்டதும் விழித்துக்கொண்டது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கம்பெனிப் பெயர்ப்பலகையை எடுப்பதற்காகக் கிருஷ்ணப்பன் வெளியே போய்த் திரும்பியிருந்தார். இப்போது டிவியில் கேட் வந்தது. காக்கி உடுப்பு வந்தது. காக்கி உடுப்பிலிருந்து ஒரு கை நீண்டு கிருஷ்ணப்பனின் கால்சட்டைப் பைக்குள் நுழைந்து, துழாவி, ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை வெளியே எடுத்தது. செக்யூரிட்டி தங்கதுரையின் குரல் கணீரென்று கேட்டது.

"தப்பா நினைச்சுக்கிடாதிய அண்ணாச்சி. கையைத் தூக்குங்க. ரெண்டையும்."

டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். பர்ச்சேஸ்காரர் பொத்தவில்லை.

கிருஷ்ணப்பனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்தக் கை அவர் உடம்பில் படக் கூடாது. ஸ்டோர்ஸில் ஒவ்வொரு போல்ட்டையும் பெற்ற பிள்ளையைப் போல் பாதுகாப்பவர் அவர். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, அந்தப் போல்ட்டைத் திருடிக்கொண்டு போகிறாரா என்று தினமும் இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆபீசர்களுக்கு அது கிடையாது. நேற்று வந்த பொடியன், ஆபீசர் என்றால் சல்யூட் வாங்கிக்கொண்டு போவான். தொரப்பள்ளியில் நாலு பேர் கைகட்டி நிற்கும் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணப்பன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார்.

அதனால்தான், "வீடியோ எடுக்கத் தெரிஞ்சவன் யாரு? நல்லா எடுத்துக் குடுத்தா பப்ளிசிட்டி ஆபீசர் போஸ்ட்" என்று ஜெயமணி கேட்டபோது, அவர் வாய் அவரைக் கேட்காமலேயே "நான் சார்" என்று சொல்லிவிட்டது. முழுப் பொய்யும் இல்லை. மச்சான் கல்யாணத்தில் வீடியோக்காரருக்கு அவர் லைட் பிடித்திருக்கிறார்.

"இன்னும் ஒரே சான்ஸ்" என்றார் ஜெயமணி. "சனிக்கிழமை பெங்களூர்லருந்து பெரிய மனுஷங்க வர்றாங்க. அவங்களுக்குப் போட்டுக் காட்டணும். எல்லா மிஷினும், நாலு பக்கமும், நேம்பிளேட்டு தெளிவா. புரியுதா?"

"ஆளுங்களையும் எடுக்கட்டுமா சார்? மிஷின்கிட்ட நின்னு வேலை செய்யறாப்ல…"

"ஆளுங்க யாருக்குய்யா வேணும்? மிஷின் மட்டும்."

ஜெர்மன்காரனோடு கூட்டு சேரப் போகிறார்கள் என்று கிருஷ்ணப்பன் முடிவு கட்டினார். முடிவு கட்டியதோடு நிறுத்தாமல், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. நடந்த அவமானத்துக்குக் காரணம் அவருக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. பூஜை போடவில்லை. புது லேத்து வந்தாலும், புது ஃபோர்க்லிஃப்ட் வந்தாலும், அந்தத் தொழிற்சாலையில் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் யாரும் ஸ்விட்ச் போட்டதில்லை. கேமராவுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. கிருஷ்ணப்பன் எலுமிச்சம்பழம் நறுக்கினார், கற்பூரம் கொளுத்தினார், சந்தனத்தைக் குழைத்தார். கேமராவுக்கு நெற்றி எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாகத்தான் இருந்தது.

அதிலேயே வைத்தார். தாராளமாக.

பக்கவாட்டில் திறக்கும் சின்னத் திரையில் பார்த்தால், தொழிற்சாலைக்குள் மார்கழி மூடுபனி. நல்ல வேளையாகக் கேமராவில் 'ஆட்டோ ஃபோகஸ்' இருந்தது. எதைப் பார்க்க வேண்டும் என்று தானே முடிவு செய்து அதைத் தெளிவாக்கும் வித்தை அது. சந்தனத்தைப் பார்ப்பதா மிஷினைப் பார்ப்பதா என்று அதற்கே விளங்காமல், பெண் பார்க்க வந்து முடிவு சொல்லாத மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, ஊய்ங் என்று முன்னால் போய் ஊய்ங் என்று பின்னால் வந்தது.

கிருஷ்ணப்பன் சந்தனத்தைத் துடைத்தார். தொழிற்சாலையில் எதைத் துடைப்பதற்கும் ஒரே பொருள்தான் உண்டு: பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத்துணி. அவர் கையில் கிடைத்ததில் ஏற்கெனவே ஒரு கியர்பாக்ஸைத் துடைத்திருந்தார்கள்.

இப்போது பனி விலகி, எல்லாவற்றையும் சுற்றி ஓர் ஒளிவட்டம் வந்தது. டிரில்லிங் மிஷின் முக்தி அடைந்த மாதிரி நின்றது.

"கிட்டப் போய்ப் பார்த்தா தெரியும்" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு 'ஜூம்' பொத்தானை அமுக்கினார். மிஷின் நெருங்கி வந்தது. இன்னும் அமுக்கினார். இன்னும் வந்தது. ஓர் அளவு வரை கண்ணாடி நிஜமாகவே இழுத்துக் காட்டும். அந்த அளவு தாண்டினால் 'டிஜிட்டல் ஜூம்'. அதாவது, தெரிந்ததைப் பெரிதாக ஊதிவிட்டு மீதியைக் கேமரா தன் கற்பனையில் சொல்லும், ஜெயமணி மீட்டிங்கில் பேசுவது போல. நேம்பிளேட்டு செங்கல் செங்கலாகப் பிரிந்து, கட்டி முடிக்காத சுவர் மாதிரி ஆயிற்று.

போதாததற்கு ஆட்கள். ஜெர்மன்காரன் பார்க்கப் போகிறான் என்று கேள்விப்பட்டு, முதல் ஷிப்ட் மொத்தமும் சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, ஆளுக்கொரு மிஷின் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நகருங்கப்பா. மிஷின் மட்டும்தான்."

"இன்னா மாமா, மிஷினு தானா ஓடுதா? ஒரு ஓரமாவாவது நிக்கறம்" என்றார் லேத்து ஆஞ்சப்பன். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"மேனேஜர் வேணாங்கறாருப்பா."

"அப்ப என் கையி மட்டுமாவது வரட்டும். வீல் மேல வெச்சுக்கறேன்."

கையும் வரக் கூடாது என்று கிருஷ்ணப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மாலையில் போட்டுப் பார்த்தார். மூடுபனி, ஒளிவட்டம், செங்கல், இதெல்லாம் போக, மேலே எரிந்த விளக்குகளின் புண்ணியத்தில் அத்தனை மிஷினும் பாசி பிடித்த பச்சை நிறத்தில் இருந்தது. கைப்புத்தகத்தைப் பிரித்தார். அதற்கு மருந்து 'ஒயிட் பேலன்ஸ்' என்று போட்டிருந்தது. கேமராவுக்கு எது வெள்ளை என்று தெரியாது. ஒரு வெள்ளைப் பொருளை அதன் முன்னால் காட்டி, 'இதுதானப்பா வெள்ளை' என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், மற்ற நிறங்களை அதுவே நேராக்கிக்கொள்ளும்.

கேட்டில், கேமரா மேனேஜரின் காரில் மரியாதையாகப் போயிற்று. கிருஷ்ணப்பன் கையைத் தூக்கினார்.

"டிவியில நம்ம கையி வந்துச்சாமே அண்ணாச்சி?" என்று தங்கதுரை இடுப்பைத் தடவிக்கொண்டே கேட்டார். "மூஞ்சி வரலியா?"

கிருஷ்ணப்பன் கையை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"சரோஜா, வூட்டுல இருக்கறதுலயே ரொம்ப வெள்ளைச் சட்டை எது?"

சரோஜம்மாள் அடுப்பிலிருந்து திரும்பாமலேயே கேட்டாள். "எங்க போறீங்க? எழவா, கல்யாணமா?"

"கேமராவுக்குக் காட்டணும்."

"கேமராவுக்கா? என்னாத்துக்கு, அதுக்குக் கட்டிக்குடுக்கப் போறீங்களா?"

"வெளையாடாத. வெள்ளைன்னா சுத்த வெள்ளையா இருக்கணும். இதுல தப்பு நடந்தா எம் பொழப்பே போச்சு. சாவுற வரைக்கும் கேட்டுல கையைத் தூக்கிட்டு நிக்கணும்."

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு மட்டும் போடும் சட்டையை எடுத்துத் துவைத்தாள். அலசினாள். வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டாள். புருஷன் பிழைப்பு என்பதால் சொட்டோடு நிறுத்தாமல் பாட்டிலைக் கவிழ்த்தாள்.

"என்னடி, நீலமா அடிக்குது?"

"நீலம் போட்டாத்தாங்க வெள்ளை. போடாதது பழுப்பு. இதுகூடத் தெரியாம ஆபீசராவப் போறாராம்."

உண்மைதான். தொரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கேமரா சிங்கப்பூரிலிருந்து வந்தது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அந்தச் சட்டையைக் கேமராவின் முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, தாடையால் பொத்தானை அழுத்தினார். கேமரா அதைப் பார்த்தது. இதுதான் வெள்ளை என்று நம்பியது. இவ்வளவு நீலமாக இருப்பது வெள்ளை என்றால், உலகத்திலிருந்து அவ்வளவு நீலத்தையும் உருவிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்து, உருவியது.

மிச்சம் இருந்தது மஞ்சள்.

கிருஷ்ணப்பன் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். லேத்து மஞ்சள். டிரில்லிங் மஞ்சள். மேற்கூரையும் மஞ்சள். மறுபடி சட்டையைக் காட்டினார். இன்னும் திடமாக மஞ்சள். வெளிச்சம் அதிகம் போல என்று 'எக்ஸ்போஷர்' என்பதைத் திருகினார். மஞ்சள் ஜொலித்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெங்களூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். வேறு வழியில்லாமல், அழுகிற முகத்தோடு, வரிசையாக ஒவ்வொரு மிஷினையும் நாலு பக்கமும் எடுத்து முடித்தார். சிவப்புப் பொத்தானை மட்டும் இந்தத் தடவை சரியாக அழுத்தினார். அழுத்தாமல் இருந்திருந்தால் கூட நன்றாயிருந்திருக்கும் என்று தோன்றியது.

மேனேஜர் அறையில் பெங்களூர்க்காரர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணப்பன் கதவோரமாக, ஓடுவதற்கு வசதியான இடத்தில் நின்றார். டிவியில் படம் ஓடியது. ஜெயமணியின் கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது.

ஒளிவட்டத்துக்கு நடுவில், பொன்னால் வார்த்த மாதிரி, லேத்து மிஷின் தகதகவென்று நின்றது. துரு தெரியவில்லை. கீறல் தெரியவில்லை. இரண்டு வருஷமாக எண்ணெய் கக்கிக்கொண்டிருக்கும் ஹைட்ராலிக் பிரஸ் நேற்றுத்தான் பெட்டியிலிருந்து இறக்கியது போல் இருந்தது.

"தும்பா சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சினார் ஒருவர்.

"இஷ்டு ஹொசதா?" என்றார் இன்னொருவர், ஆச்சரியத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு. "இவ்வளவு புதுசா வெச்சிருக்கீங்களே சார்!"

ஜெயமணி மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். "நம்ம மெயின்டெனன்ஸ் அப்படி" என்றார், வாய் கூசாமல். பிறகு எழுந்து வந்து, கிருஷ்ணப்பனின் வேர்த்துப்போன கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன் கிருஷ்ணப்பா. இந்த நிமிஷத்துலருந்து நீ ஆபீசர். கேட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

ஷிப்ட் முடிந்தது. ஆஞ்சப்பனும் மற்றவர்களும் வரிசையில் நின்று கையைத் தூக்கிச் சோதனை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்பன் வரிசையை ஒதுக்கிவிட்டு நீலம் போட்ட சட்டையில் நேராக நடந்து வந்தார். பழக்க தோஷத்தில் கை பாதி உயர்ந்துவிட்டது. தங்கதுரை தொடவில்லை. விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

கிருஷ்ணப்பனுக்குக் கண் கலங்கியது. இதை இவ்வளவு சீக்கிரம் முடித்துக்கொண்டு போக மனம் வரவில்லை. பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே கேட்டார்.

"என்ன தங்கதுரை, என்னைச் சோதிக்கலியா?"

"என்னத்த சோதிக்க அண்ணாச்சி? உங்க படத்தைப் பாத்துட்டு மிஷின் பூராத்தையும் பெங்களூர்க்காரங்க வாங்கிட்டாங்க, திங்கக்கெழம கழட்டிட்டுப் போவ லாரி வருது, இனிம உள்ள களவாங்க ஒண்ணும் இல்ல."